ஃபிளாஷ் அடிக்காத ஒரு படம்

1. கரண்ட் இல்லாத வாரம்

அந்த வாரம் மாத்தளை டவுனில் பாதி நாளுக்குக் கரண்ட் இருக்கவில்லை. விடாமல் பெய்த மழையில் மலை பல இடங்களில் சரிந்திருந்தது. ரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் பக்கம் போகும் பாதை மண்ணால் மூடிக் கிடந்தது. எங்கள் ஸ்டூடியோவுக்குப் படம் பிடிக்க யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லோரும் இறந்துபோனவர்களின் படங்களைக் கொண்டு வந்தார்கள். போனில் எடுத்த படம், சேற்றில் ஊறிய அடையாள அட்டை, பாடசாலை விழாவில் கூட்டமாக நின்று எடுத்த படம். அதில் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, பின்னால் வெளிர் நீலம் வைத்து, ஃபிரேம் போட்டுக் கொடுப்போம். சவப்பெட்டிக்கு முன்னால் வைப்பதற்கு.

என் பெயர் செலின். இந்த ஸ்டூடியோவில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டரில் வேலை செய்தேன். கேமரா பிடித்ததில்லை. மற்றவர்கள் எடுத்து வருவதை வாங்கி, பிரித்து, மாற்றி, நிறம் பார்த்து, ஆல்பம் கட்டிக் கொடுப்பது என் வேலை. கடை ரசீத் நானாவுடையது. அவருடைய வாப்பா காலத்திலிருந்து அதே இடத்தில் இருக்கிறது. கல்யாண வேலைகளுக்குப் போகிற கேமராக்காரர் ஜெகன். கெட்டிக்காரர், பேச்சு அதிகம்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம், எந்த சாஃப்ட்வேர் படங்களை வேகமாக ஜேபெக் ஆக்கும் என்றுதான் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த வாரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலை நேரம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கடை வாசலில் மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஒரு இளம் பெண், அவளுடைய கணவர், வயதான ஒரு அம்மா. மூவருடைய கால்களிலும் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். தரை அழுக்காகிவிடும் என்று தயங்கினார்கள்.

ஜெகன்தான் அந்தப் பெண்ணை அடையாளம் கண்டார்.

"புவனா தங்கச்சிதானே? ஒங்க கல்யாணத்துக்கு நான்தானே வந்தேன்."

அவள் தலையாட்டினாள். "ஆமாங்கண்ணே. அந்தப் படமெல்லாம் இருக்குங்களா?"

"இருக்கு, இருக்கு. ஆனா இன்னும் ஒன்னும் செய்யலம்மா. வரிசைல கெடக்கு. மழையும் வந்துருச்சு, கரண்டும் இல்ல."

"செய்யாட்டிப் பரவாயில்லீங்க. எங்கம்மா படம் ஒன்னு மட்டும் வேணும்."

மற்றதைக் கணவர் தினேஷ் சொன்னார். அவர் நாவுலக்காரர், மரக்கறி லொறி ஓட்டுகிறவர். கல்யாணமாகிப் புவனா அங்கே போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அம்மா காமாட்சி ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தனியாக இருந்தார். மழை கூடியதும் லயத்து ஆட்களை எல்லாம் பாடசாலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். காமாட்சியும் போனார்.

"விடிஞ்சதும் மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு வாரேன்னு போனாங்களாம். போயி கொஞ்ச நேரத்துல மேல இருந்து மண்ணு எறங்கிருச்சு. மறுநாள்தான் எடுத்தாங்க." தினேஷ் குரலைத் தாழ்த்தினார். "பெட்டியத் தெறக்கக் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. நாளைக்கு அடக்கம். படம் ஒன்னு இருந்தாத்தான் சனம் மொகம் பாக்க முடியும்."

அடையாள அட்டை வீட்டோடு மண்ணுக்குள் போய்விட்டது. தோட்ட ஆபீசில் கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் படம் இல்லை. போனில் இல்லையா என்று புவனாவைக் கேட்டேன்.

"பெரியம்மா இருக்காங்க, பெரியப்பா இருக்காரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக கூட இருக்குதுங்க. அம்மா எடுக்க விட மாட்டாங்கக்கா. போனத் தூக்கினாலே மொகத்தத் திருப்பிக்குவாங்க."

ரசீத் நானா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனரேட்டரைப் பத்து மணிக்குப் பிறகுதான் போடுவது என்று முதல் நாள்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இப்போது நேரே பின்பக்கம் போனார். ஜெனரேட்டர் இயங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"வேற எல்லா வேலையையும் வைங்க செலின். இந்தப் புள்ளட உம்மாட மொகத்தத் தேடிக் குடுங்க."

2. தொழில் விஷயம் கொஞ்சம்

இந்த இடத்தில் தொழிலைப் பற்றி கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

கேமரா படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கும். ஒன்று ஜேபெக். கேமராவே நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் முடிவு செய்து, வேண்டாததைக் கழித்து, சின்னதாக்கித் தருவது. போனில் பார்க்கலாம், பிரிண்ட் போடலாம், யாருக்கும் அனுப்பலாம். மற்றது ரோ. கேமராவுக்குள் விழுந்த வெளிச்சம் முழுவதும் எதையும் கழிக்காமல் அதில் இருக்கும். ஒவ்வொரு ஃபைலும் பெரியது. சாதாரண போனிலோ பிரிண்ட் போடும் லேப்பில் இருக்கும் மெஷினிலோ அது திறக்காது. ஜெகன் கல்யாணங்களை ரோவில்தான் எடுப்பார். மண்டபத்து டியூப் லைட், வீடியோக்காரரின் லைட், வாசலில் வரும் பகல் வெளிச்சம் என்று ஒரே கல்யாணத்தில் பல நிறம் கலந்துவிடும். ரோவாக இருந்தால் பிறகு சரிசெய்யலாம்.

ஒரு கல்யாணத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற முடியாது. ஒரே வெளிச்சத்தில் எடுத்தவற்றை ஒரு கூட்டமாகப் பிரிப்பேன். அதில் ஒன்றைச் சரிசெய்து, அதே அளவை மற்ற எல்லாவற்றுக்கும் போட்டு, மொத்தமாக ஓடவிடுவேன். கம்ப்யூட்டர் ஒன்றன்பின் ஒன்றாக ஜேபெக் ஆக்கி வேறொரு ஃபோல்டரில் போடும். இதைத்தான் பேச் போடுவது என்போம். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்துக்குப் பேச் போட்டால் அரை நாள் ஓடும்.

அன்றைக்கு அரை நாள் எங்களிடம் இருக்கவில்லை. ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்றும் தெரியாது. அதனால் குறுக்கு வழி ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு ரோ ஃபைலுக்குள்ளும் கேமரா ஒரு சின்ன ஜேபெக்கை ஒட்டி வைத்திருக்கும். கேமராவின் பின்னால் இருக்கும் திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். ரோவை மாற்றாமல் அந்தச் சின்னப் படத்தை மட்டும் உருவி எடுத்தால் சில நிமிஷத்தில் முழுக் கல்யாணமும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். யார் எந்தப் படத்தில் இருக்கிறார் என்று தேடுவதற்கு அது போதும் என்று நினைத்தேன்.

3. மேடையில் இல்லாதவர்

புவனாவை என் பக்கத்தில் உட்கார வைத்துப் படங்களை ஓட்டினேன். கூட வந்த வயதான அம்மா, அவளுடைய பெரியம்மா, பின்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபத்தில் நடந்திருந்தது. சிவப்புக் கூறைச்சேலையில் புவனா. பட்டு வேட்டியில் தினேஷ். ஒரு மாதத்துக்கு முன் எடுத்த படங்கள்தான். ஆனால் திரையில் இருந்தவளும் பக்கத்தில் இருந்தவளும் ஒரே ஆள் என்று சொல்ல முடியாத மாதிரி அவள் முகம் வற்றிப்போயிருந்தது.

பொண்ணை அழைத்து வருகிற படங்கள் ஓடின. பெரியம்மா ஆரத்தி எடுக்கிறார். பெரியப்பா தேங்காயைக் கையில் வைத்துக் கொடுக்கிறார். குடும்பத்தோடு நிற்கிற படங்கள் வந்தன. மாமா குடும்பம், அத்தை குடும்பம், கார்மெண்ட்ஸில் கூட வேலை செய்தவர்கள், லயத்துப் பிள்ளைகள். காமாட்சி ஒன்றிலும் இல்லை.

"அம்மா எந்தப் பக்கம் நின்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

பெரியம்மாதான் சொன்னார்.

"அவ மேடைக்கே வரலைங்க. புருசன் இல்லாதவ. நல்ல காரியத்துல முன்னுக்கு நிக்கக் கூடாதுன்னு அவளாவே ஒதுங்கிக்கிட்டா. தாய் தகப்பன் எடத்துல நானும் எங்க வீட்டுக்காரரும்தான் நின்னோம். அவ பின்னுக்கு சமையக்கட்டுல இருந்தா."

ஜெகன் மெதுவாகச் சொன்னார். "நான் கேட்டேன் அக்கா. பொண்ணோட அம்மா எங்க, வரச் சொல்லுங்கன்னு. அவங்க வர மாட்டாங்கன்னு யாரோ சொன்னாங்க. நானும் அடுத்த படத்துக்குப் போயிட்டேன்."

"நான்தான் தம்பி அப்படிச் சொன்னது," என்றார் பெரியம்மா. "கூடப் பொறந்தவ நான். வாடி, வந்து பிள்ளைக்குப் பக்கத்துல நில்லுன்னு ஒரு சொல்லு சொல்லல. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு."

நான் படங்களை ஓட்டிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டுப் பந்தி வந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் கத்தரிப்பூ நிறச் சேலை கொஞ்சம் தெரிந்தது. "நில்லுங்க," என்றாள் புவனா. ஒரு முதுகு. சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற முதுகு. இன்னொன்றில் பரிமாறுகிற ஒரு கை, கறுப்புக் கயிறு கட்டியது. அவள் திரையில் அந்தக் கையைத் தொட்டாள்.

"இது அம்மா."

முகம் எங்கேயும் இல்லை. கடைசிப் படம் வரை போய்விட்டோம். பொண்ணை அனுப்பி வைக்கிற இடத்தில் காமாட்சி இருந்திருப்பார் என்று நான் நம்பியிருந்தேன். அங்கேயும் வேன் கண்ணாடியில் ஒட்டிய பூ, கையாட்டுகிற கூட்டம், அவ்வளவுதான்.

"அம்மா வேன் கிட்ட வரல," என்றாள் புவனா. "முன்னாடியே சமையக்கட்டுல வச்சுத் திருநீறு பூசி அனுப்பிட்டாங்க. அப்ப யாரும் படம் எடுக்கல. நான் கையப் புடிச்சு இழுத்தாவது மேடைக்குக் கூட்டிட்டு வந்திருக்கணும். மத்தவங்க என்ன சொன்னா என்ன. எனக்குத் தோணாமப் போச்சுக்கா."

தினேஷ் அவள் தோளில் கை வைத்தார். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெட்டியை எடுக்க வேண்டியிருந்தது. பின்னேரம் திரும்பி வரும் வழியில் கடைக்கு வருவதாகச் சொன்னார்கள். எதுவும் இல்லாவிட்டால் அந்தக் கை இருக்கிற படத்தையாவது பெரிதாக்கித் தரச் சொன்னாள் புவனா.

பெட்டிக்கு முன்னால் ஒரு கையின் படத்தை வைப்பது எப்படி என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4. கறுப்பாக இருந்தவை

அவர்கள் போன பிறகு படங்களைத் திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். இந்த முறை ஆட்களை விட்டுவிட்டு ஃபைல் எண்களைப் பார்த்தேன். நடுநடுவே வெறும் கறுப்பாகச் சில சதுரங்கள் இருந்தன. முதல் தடவை அவற்றைத் தாண்டிப் போயிருந்தோம். எல்லாக் கேமராக்காரர்களுடைய மெமரி கார்டிலும் அப்படி இருக்கும்.

"அது வேஸ்ட் அக்கா," என்றார் ஜெகன். "தாலி கட்டுறப்ப வேகமா அடிச்சேன். ஃபிளாஷ் சார்ஜ் ஆகுறதுக்குள்ள அடுத்தது எடுபட்டுருச்சு. ஃபிளாஷே விழல. ஒன்னும் இருக்காது."

சாதாரண நாளாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பேச் போடுவதற்கு முன் கறுப்புப் படங்களை அழிப்பது வழக்கம். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் நான் அதுவரை பார்த்தது கேமரா ஒட்டி வைத்த சின்ன ஜேபெக்கை மட்டும்தான். அதில் கறுப்பு என்றால் கறுப்புதான். ரோவுக்குள் அப்படி இல்லை. மண்டபத்துக்குள் இருந்த கொஞ்ச வெளிச்சம் அதற்குள் பதிந்திருக்கும்.

கறுப்புப் படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் போட்டேன். ஒன்றைத் திறந்து எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்சத்தின் அளவை, மேலே ஏற்றினேன். முதலில் சாம்பல் நிறமாக மண் தூவியது போல் புள்ளிகள் கிளம்பின. இன்னும் ஏற்றினேன். மேடை தெரிந்தது. தோரணம் தெரிந்தது. ஆட்கள் நிழலாக எழுந்து வந்தார்கள். அந்த அளவை மற்ற எல்லாக் கறுப்புப் படங்களுக்கும் போட்டு ஓடவிட்டேன். ரசீத் நானா ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிவிட்டு வந்து என் பின்னால் நின்றார். ஜெகன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றில் ஐயரின் தலை. ஒன்றில் அட்சதை போடுகிற கைகள் மட்டும். இன்னொன்றில் தினேஷ் தாலியோடு குனிந்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு சமையல்கட்டுக்குப் போகிறது. மற்ற எல்லாப் படங்களிலும் வீடியோக்காரர் அதை மறைத்துக்கொண்டு நின்றார். இந்த ஒன்றில் அவர் எதற்கோ குனிந்திருக்கிறார்.

கதவு திறந்திருந்தது. பின்பக்கத்து ஜன்னலிலிருந்து பகல் வெளிச்சம் அங்கே கொஞ்சம் விழுந்தது. கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒரு பெண் நிலைப்படியில் நின்றார். ஒரு கையில் அகப்பை, மறு கையில் சட்டி மூடி. வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார். மேளச் சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் முழுக்கத் திறந்த சிரிப்பு. மேலே இரண்டு பல் இல்லை.

எங்கள் மூவருக்கும் காமாட்சியின் முகம் தெரியாது. ஆனாலும் அது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. புவனாவின் முகம் அப்படியே அங்கே இருந்தது.

ஜெகன் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரசீத் நானா மட்டும், "அல்ஹம்துலில்லாஹ்," என்று மெல்லச் சொன்னார். பிறகு, "இத மூனு எடத்துல கொப்பி பண்ணி வைங்க," என்றார்.

5. பல்

முகம் படத்தில் மிகவும் சிறியதாக இருந்தது. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. புள்ளியைக் குறைத்தால் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. இறந்தவருடைய முகம் மெழுகாகத் தெரியக் கூடாது. பல தடவை முயன்று, புள்ளியைக் கொஞ்சம் விட்டுவைத்து, ஃபிரேமின் அளவைச் சிறியதாக்கினேன். வழக்கமாகப் பின்னால் வைக்கிற நீலத்தையும் வைக்கவில்லை. அந்தக் கதவின் இருட்டே இருந்தது.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். பெட்டி வெளியே வேனில் இருந்தது. தினேஷ் வேனோடு நின்றுவிட்டார். புவனாவும் பெரியம்மாவும் மட்டும் உள்ளே வந்தார்கள்.

ஃபிரேமைக் கையில் கொடுத்தேன். புவனா வெகுநேரம் பார்த்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

"எங்க இருந்துச்சு இது?"

தாலி கட்டும்போது எடுத்தது, கதவுக்கிட்ட நின்னு பாத்திருக்காங்க என்றேன்.

"பாத்தாங்களா?" என்றாள். "பாக்கலன்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். பிள்ளைக்கு ஆகாதுன்னு பின்னுக்கே இருந்துட்டாங்கன்னு."

பெரியம்மா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் தயக்கத்தோடு கேட்டார்.

"பல்லு தெரியுதேம்மா. அவ வெக்கப்படுவா. பல்லு விழுந்ததுல இருந்து வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா. அதாலதான் படமே எடுக்க விடுறதில்ல. வாய மூடின மாதிரி செய்ய முடியுமா?"

செய்ய முடியும். கொஞ்ச நேர வேலைதான். நான் புவனாவைப் பார்த்தேன்.

"வேணாம் பெரியம்மா," என்றாள் அவள். "ரெண்டு கையிலயும் சாமான் இருந்திருக்கு. அதான் பொத்த முடியல. அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் அடக்கத்துக்கு ஜெகன் போய் வந்தார். பாதை மூடியிருந்ததால் பாதித் தூரம் நடந்து போயிருக்கிறார். வந்து ஒரு விஷயம்தான் சொன்னார். காமாட்சியோடு பல வருஷம் ஒன்றாகக் கொழுந்து பறித்த பெண்கள் வரிசையாக வந்து படத்தைப் பார்த்தார்களாம். அதில் ஒருத்தி, "இவ இப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாதே," என்று சொல்லிவிட்டுப் பெட்டி மேலே சாய்ந்து அழுதாளாம்.

6. ஆல்பம்

மூன்று மாதம் கழித்துப் புவனா தனியாக வந்தாள். ஆல்பம் வேலையைத் தொடங்கலாமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளே வந்து கேட்டாள். நாவுல பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

படங்களைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் சொன்னாள்.

"அக்கா, ஒரு வேலை செஞ்சு தர முடியுமா? அம்மாவ மேடைல எனக்குப் பக்கத்துல நிக்க வச்ச மாதிரி ஒரு படம். தாலி கட்டி முடிஞ்சு நாங்க நிக்கிறோமே, அதுல பெரியம்மா நிக்கிற பக்கம் கொஞ்சம் எடம் இருக்கு."

இப்படிக் கேட்கிறவர்கள் நிறைய. வெளிநாட்டில் இருக்கிற அண்ணனைக் குடும்பப் படத்தில் சேர்க்கச் சொல்வார்கள். இறந்துபோன அப்பாவை மகளுடைய கல்யாணப் படத்தில் சேர்க்கச் சொல்வார்கள். வஹகோட்டையில் ஒரு குடும்பத்துக்கு நான் அப்படிச் செய்து கொடுத்தது இன்றைக்கும் அவர்களுடைய வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. சரி என்றேன். அடுத்த வாரம் வரச் சொன்னேன்.

அந்த வேலையில் என் கைத்திறன் எல்லாவற்றையும் போட்டேன். அகப்பையையும் சட்டி மூடியையும் எடுத்துவிட்டேன். நிறத்தை மேடை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்றினேன். மேடைப் படத்திலும் கொஞ்சம் புள்ளியைச் சேர்த்து இரண்டையும் ஒன்றாக்கினேன். காலடியில் நிழல் வைத்தேன். ஜெகன் பார்த்துவிட்டு, "நான் எடுத்த படம்தானான்னு எனக்கே சந்தேகம் வருது அக்கா," என்றார். ஒட்டு தெரியவில்லை.

புவனாவும் தினேஷும் வந்தார்கள். திரையில் காட்டினேன். தினேஷ் நெகிழ்ந்துபோனார். "நல்லா வந்திருக்கு. உண்மையாவே நின்ன மாதிரி இருக்கு," என்றார்.

புவனா திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் முகத்தைப் பார்த்தாள். திரும்ப அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல அம்மா யாரப் பாக்குறாங்க?"

நான் அதைக் கவனித்திருக்கவில்லை. கதவில் நின்றபோது காமாட்சி தூரத்தில் இருந்த மகளைப் பார்த்தார். இப்போது மகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த பிறகு, அந்தக் கண்கள் மகளைத் தாண்டிப் படத்துக்கு வெளியே எங்கேயோ போயின. அங்கே யாரும் இல்லை.

"கண்ணக் கொஞ்சம் திருப்பிப் பாக்கிறேன்," என்றேன்.

"வேணாங்க்கா." அவள் குரலில் கோபம் இல்லை. "நீங்க நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா இதுல எனக்குப் பக்கத்துல நிக்கிறாங்க, என்னையப் பாக்கல. அங்க தூரத்துல நின்னாங்க, என்னைய மட்டும்தான் பாத்தாங்க. அதையே போட்டுருங்க."

"அது இருட்டாத்தான் இருக்கும்மா. புள்ளியா இருக்கும். மத்தப் படங்களோட சேராது."

"பரவாயில்ல. முழுசாப் போடுங்க. அம்மாவ மட்டும் வெட்டி எடுக்காதீங்க. நாங்க இங்க, அவங்க அங்க. அப்படித்தானே நடந்துச்சு."

அப்படியே செய்தேன். ஆல்பத்தின் நடுவில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து அந்த ஒரு படம். முன்னால் நிழல்களாக மணமக்கள், பெரியம்மா, பெரியப்பா. பின்னால் கதவில் கொஞ்ச வெளிச்சத்தில் காமாட்சி. நான் செய்த ஒட்டுப் படத்தை அழித்துவிட்டேன். புவனா அழிக்கச் சொல்லவில்லை. வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஜெகன் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேடைக்குப் போவதற்கு முன் சமையல்கட்டுக்குப் போய்விட்டுத்தான் வருவார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் கம்ப்யூட்டர் விஷயம் ஒன்றுதான். வேகமான சாஃப்ட்வேர் நிறைய இருக்கிறது, எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேச் போடுவதற்கு முன் கறுப்புப் படங்களை அழிக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்து, வெளிச்சத்தை ஏற்றி, ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. நேரம்தான் வீணாகும். வீணாகட்டும்.

ஆல்பத்தைப் பிரிண்ட் போடக் கண்டி லேப்புக்கு அனுப்பினேன். அடுத்த நாள் அங்கிருந்து போன் வந்தது.

"மேடம், நடுப்பக்கம் கொஞ்சம் பிழையா இருக்கு. ஒரே இருட்டு, புள்ளி புள்ளியா வேற இருக்கு. அதுக்கு வேற ஃபைல் இருந்தா அனுப்புறீங்களா?"

"வேற இல்லீங்க," என்றேன். "அது ஒன்னுதான் இருக்கு. அப்படியே அடிங்க."